சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அடிக்கடி பஸ்ஸில் போகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். பழைய நகரம் தாண்டி சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கும் இடத்தில், பேச்சை நிறுத்தாமலே கண்ணாடியை இழுத்து மூடிவிடுவார்கள். முந்தானையோ கைக்குட்டையோ மூக்குக்குப் போகும். சில கிலோமீட்டர் கழித்துக் கண்ணாடி திறக்கும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. சாலையோரத்து ஆலைகளில் என்ன தயாராகிறது, இன்றைய வாடை எதனுடையது, அதனால் கெடுதல் உண்டா என்று கேட்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை. பயணிக்கு அது ஐந்து நிமிட விஷயம். குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி போன்ற ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அது வாழ்நாள் விஷயம்.

2025 மே 15 அதிகாலை, ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், குடிகாட்டில் லாயல் சூப்பர் ஃபேப்ரிக்ஸ் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்தது. ரசாயனம் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. காயமடைந்தவர்களைக் கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் கடலூர்-சிதம்பரம் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாலை மறியலை நாம் போராட்டம் என்று மட்டும் வகைப்படுத்திப் பழகிவிட்டோம். குடிகாட்டுக்காரர் நிலையிலிருந்து பார்த்தால் அது ஒரு தொலைபேசி. ஆலை நிர்வாகத்தைக் கூப்பிட அவரிடம் எண் இல்லை. கூப்பிட்டாலும் வாசலில் இருக்கும் காவலாளியைத் தாண்டிப் பேச்சு போகாது. சாலையில் உட்கார்ந்தால் அரை மணியில் தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார், நிர்வாகத்தின் ஆள் ஒருவரையும் அழைத்து வருவார்கள். மேசை போடாத பேச்சுவார்த்தை ஒன்று நடக்கும். நிறுவனம் முன்கூட்டிப் போட்டு வைத்திருக்க வேண்டிய கம்பியை ஊர் அன்றைக்கன்று தன் உடம்பால் இழுத்துக் கட்டுகிறது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2021 மே 13 காலையில், இதே சிப்காட்டில் கிரிம்சன் ஆர்கானிக்ஸ் என்னும் பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். கொரோனா ஊரடங்குக் காலம். கூட்டம் கூடாதே என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில், உள்ளே வேலைக்குப் போனவர் என்ன ஆனார் என்று தெரியாமல் ஆலை வாசலில் கூடுவதைத் தவிர குடும்பங்களுக்கு என்ன வழி இருந்திருக்கும்?

வணிக நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு ‘நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பு’ என்று ஒரு பாடம் உண்டு. அதில் முதல் உதாரணமாக ஏறக்குறைய எப்போதும் டைலனால் வரும். 1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ டைலனால் மாத்திரைகளில் சயனைடு கலந்துவிட, ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் மூன்று கோடியே பத்து லட்சம் புட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது, உடைத்தால் தெரியும்படியான மூடியோடு மறுபடி சந்தைக்கு வந்தது. நம் நாட்டு உதாரணம் மேகி. 2015 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நவம்பரில் நூடுல்ஸ் கடைக்குத் திரும்பியது. தொடக்கத்தில் நெஸ்லே பேசாமல் இருந்ததே அதற்கு ஆன பெரிய சேதம் என்று பாடம் நடத்துவார்கள்.

இரண்டும் நல்ல உதாரணங்கள்தான். சிப்காட்டுக்கு மட்டும் பொருந்தாது. டைலனாலிலும் மேகியிலும் பாதிக்கப்பட்டவர், அல்லது பாதிக்கப்பட்டுவிடுவோமோ என்று பயந்தவர், வாடிக்கையாளர். அவர் கோபித்துக்கொண்டால் விற்பனை விழும். அந்தப் பயமே நிறுவனத்தைப் பேச வைத்தது. பூச்சிமருந்துக்கும் சாயத்துக்கும் மருந்து மூலப்பொருளுக்கும் குடிகாட்டில் வாடிக்கையாளர் கிடையாது. பீப்பாயில் அடைத்து லாரி ஏற்றினால் அது வேறு மாநிலத்துக்கோ வேறு நாட்டுக்கோ போகிறது. வாங்குபவருக்கு ஊர்ப் பெயர் தெரியாது. ஊர்க்காரருக்கு வாங்குபவர் யாரென்று தெரியாது. ‘இனி உன் சரக்கு வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் அண்டை வீட்டுக்காரரிடம் இல்லை. சந்தை இங்கே யாரையும் பேச வைக்காது.

இங்கே சட்டம் வருகிறது. ஆனால் சட்டத்திலும் ஒரு வினோதம் உண்டு.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தில் பெரிய நிகழ்வு ஒன்று நடந்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளில் 30-ஆம் ஒழுங்குமுறைப்படி அது சந்தைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். 2023 திருத்தம் இதில் கடிகாரத்தைக் கறாராக்கியது: இயக்குநர் குழு எடுத்த முடிவு என்றால் 30 நிமிடம், மற்றவை நிகழ்வின் தன்மையைப் பொறுத்து 12 அல்லது 24 மணி நேரம். மும்பையில் ஆயிரம் ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவருக்கு இத்தனை மணிக்குள் செய்தி போயாக வேண்டும் என்று சட்டம் மணி குறித்துத் தருகிறது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு அப்படி எந்த மணிக்கணக்கையும் நான் சட்டத்தில் பார்க்கவில்லை.

அவருக்கென்று சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு நிறைய எழுதப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான ஆலையை நடத்துபவர், உள்ளே இருக்கும் ஆபத்தையும் அதிலிருந்து தப்பும் வழியையும் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது அது. 1989-இல் வந்த அபாயகரமான வேதிப்பொருள் விதிகள் இன்னும் விவரமானவை. ஆலைக்குள் விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதற்கு உள்வளாகத் திட்டம் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடக்க வேண்டும். மதிலுக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தின் வெளிவளாகத் திட்டம், அதற்கு ஆண்டுக்கு ஒரு ஒத்திகை. 15-ஆம் விதி, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தின் தன்மையையும், செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது இரண்டையும் தெரிவிக்கச் சொல்கிறது. அதுவும் ஆலை ஓடத் தொடங்கும் முன்பே. 1996-இல் வந்த வேதி விபத்து விதிகள் இதற்கென்று குழுக்களை அமைத்தன. மாவட்ட நெருக்கடிக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். 45 நாளுக்கு ஒரு முறை கூட வேண்டும். தொழிற்பேட்டை அளவிலான உள்ளூர்க் குழு மாதம் ஒரு முறை.

ஆக, கடலூரைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டின் தலைமாடு மஞ்சக்குப்பம். கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு வருகிறவர்களுக்கு வழி சொல்லியே பழகிய பகுதி. அங்கிருந்து சிப்காட் ஏழெட்டு கிலோமீட்டர்தான். நடுவில் கெடிலம், பழைய நகரம், ரயில்வே கேட். இரவு இரண்டு மணிக்கு ஆலையில் ஷிஃப்டில் இருக்கும் ஒருவர் மஞ்சக்குப்பத்துக்குச் செய்தி சொல்லி, மஞ்சக்குப்பம் திரும்பக் குடிகாட்டுக்குச் செய்தி சொல்வது என்பது காகிதத்தில் இரண்டு அம்புக்குறி. ஆலைக்கும் குடிகாட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். செய்தி ஏன் பதினைந்து கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. 1989 விதிகள் அட்டவணையில் உள்ள வேதிப்பொருள்களையும் அவற்றின் அளவுகளையும் வைத்து நடப்பவை. குளோரின் இத்தனை டன்னுக்கு மேல், அம்மோனியா இத்தனை டன்னுக்கு மேல் என்று போகும். கழிவுநீர்த் தொட்டி அந்த அட்டவணைகளில் எளிதில் அகப்படாது. 2025-இல் வீட்டுக்குள் வந்தது கழிவுநீர்தான்.

எச்சரிக்கை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது சங்கு. நம் ஊர்களில் மில் சங்கு, ஆலைச் சங்கு என்றுதான் சொல்வோம்; சைரன் என்பது பத்திரிகைச் சொல். சிப்காட்டை ஒட்டி சங்கொலிக்குப்பம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. சங்கு ஊதுவதற்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் இருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி, ஊருக்குக் கேட்கும் சங்கு சிறிது நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. சிறிய கசிவுக்கெல்லாம் ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று நிறுவனம் வைத்திருந்த நடைமுறை அது. மூச்சு முட்டி மக்கள் தெருவுக்கு வந்தபோது, எது வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்ல ஆளில்லை. பலர் வாயு போன திசையிலேயே ஓடினார்கள். முகத்தில் ஈரத் துணி போட்டிருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்பது பின்னால் தெரிந்த விஷயம். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரின் ஆவி பரவி 12 பேர் இறந்தார்கள். ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு விசாரித்தபோது, அபாயச் சங்கை இயக்க ஆலையின் வாசல் உட்பட 36 இடங்களில் வசதி இருந்தது தெரியவந்தது. ஒன்றைக்கூட யாரும் அழுத்தவில்லை.

  

எண்ணூரில் 2023 டிசம்பர் 26. சுனாமியின் 19-ஆம் ஆண்டு நினைவு நாளின் இரவு. கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கடலடி அம்மோனியாக் குழாய் கரைக்குப் பக்கத்தில் கசிந்தது. அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கணக்கிட்டபடி, கால் மணி நேரத்தில் வெளியானது 67 டன்னுக்கு மேல். பெரியகுப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் மக்கள் மூச்சுத் திணறிக் கண்விழித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு முதல் தகவல் கொடுத்தது அம்மோனியாவேதான். பிறகு வந்த நிறுவன அறிக்கையின் சாரம், வழக்கமான வேலையின்போது ஒரு மாறுபாடு தெரிந்தது, உடனே சரிசெய்துவிட்டோம், சிலருக்கு அசௌகரியம் ஏற்பட்டது என்பது. அந்த மொழியை யார் காதுக்கு எழுதினார்கள் என்று பார்த்தால், குப்பத்துக் காதுக்கு இல்லை என்பது தெரியும்.

இப்படிப்பட்ட அறிக்கைகளில் நிலைத்துப்போன மூன்று வாக்கியங்கள் உண்டு. ஆலையைப் பற்றியோ வாயுவைப் பற்றியோ எதுவும் தெரியாதவர்கூட அவற்றை எழுதிவிடலாம். ‘நிலைமை கட்டுக்குள் உள்ளது.’ எந்த நிலைமை? வால்வு மூடப்பட்டதா, வெளியான வாயு கலைந்துவிட்டதா, இரண்டும் வேறு வேறு. வால்வை மூடியதும் ஆலைக்காரருக்கு நிலைமை கட்டுக்குள் வந்துவிடும். ஏற்கெனவே வெளியே போனது ஊருக்குள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கும். ‘பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை.’ இருமிக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் அவர் நம்ப மாட்டார். ‘வதந்திகளை நம்ப வேண்டாம்.’ வாட்சாப்பில் வந்ததை நம்பாதே என்று சொல்ல, அதற்கு முன் வேறு ஏதாவது வந்திருக்க வேண்டாமா?

மக்களிடம் உண்மையைச் சொன்னால் பீதி கிளம்பும், நெரிசலில் நான்கு பேர் சாவார்கள் என்பது அறிக்கை எழுதுகிறவர்களின் நிலையான வாதம். பேரிடர் ஆய்வுக்கென்று அமெரிக்காவில் 1963-இல் ஒரு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான என்ரிகோ குவாரன்டெல்லி, வாழ்நாள் முழுக்க இந்த நம்பிக்கையை ஆராய்ந்தவர். வெள்ளம், நிலநடுக்கம், தீ என்று பல களங்களில் அவரும் சக ஆய்வாளர்களும் கண்டது, கண்மூடித்தனமான பீதி அரிது என்பதைத்தான். பெரும்பாலானவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், கிழவியைத் தூக்குவார்கள், தெரிந்த ஆளிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு நகர்வார்கள். பீதிக் கதை நிறுவனத்துக்கு வசதியானது என்பது என் எண்ணம். உள்ளே இன்னொரு காரணம் இருக்கும்: வக்கீல் ‘எதையும் ஒப்புக்கொள்ளாதே’ என்றிருப்பார், தலைமை அலுவலகம் ‘எங்களைக் கேட்காமல் பேசாதே’ என்றிருக்கும். இரவு ஷிஃப்டில் இருக்கும் இளம் பொறியாளருக்கு இரண்டும் தெரியும். விசாகப்பட்டினத்தில் 36 பொத்தான்களும் அழுத்தப்படாமல் போனதற்குக் கருவிக் கோளாறைத் தேட வேண்டியதில்லை.

ஊர் சும்மா இருந்துவிடவில்லை. 2004-இல் சிப்காட் ஊர்க்காரர்கள் சிலர் தாங்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாக ஒரு குழு சேர்ந்தார்கள். அமெரிக்காவில் 1990-களில் உருவான ஒரு முறைப்படி, பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட அறிக்கை, சிப்காட் காற்றில் 22 நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதையும், அவற்றில் எட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்பதையும் சொன்னது. வாளியை விட எனக்குச் சுவாரசியமாகப் படுவது அவர்கள் வாடையைக் குறித்துவைத்த விதம். அழுகிய முட்டை, நகப்பூச்சு என்று ஒவ்வொரு வாடைக்கும் பேர் வைத்து, நேரத்தோடு எழுதி வைத்தார்கள். நிறுவனங்கள் கொடுக்காத தகவலை மூக்கைக் கொண்டு தயாரித்தார்கள். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்த செறிவில் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையும் நேரம் மிக மோசமான நேரமாக இருக்கலாம். இதை மூக்கு சொல்லாது. உள்ளே வேலை செய்யும் வேதியியலாளர்தான் சொல்ல வேண்டும்.

தகவல் கொடுத்ததாகக் கணக்குக் காட்டும் முறை ஒன்றும் உண்டு. அபாயகரமான கழிவுகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவுப்படி, ஆலைகள் தாங்கள் கையாளும் வேதிப்பொருள்களின் விவரத்தையும் அளவையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். சிப்காட் பக்கம் ஒரு முறை அப்படி ஒரு பலகைக்கு முன் நின்று படித்தேன். தலைப்பு தமிழில். கீழே கட்டம் கட்டமாக ஆங்கிலப் பெரிய எழுத்தில் வேதிப் பெயர்கள், எதிரே டன் கணக்கு. ‘நாள்’ என்று இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இவற்றில் எது காற்றை விடக் கனமானது, எது கண்ணைப் பொசுக்கும், எதற்குத் தண்ணீர் விடக் கூடாது என்று ஒரு வரி இல்லை. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர், ‘அது அதிகாரிங்க வந்தா பார்க்கறதுக்கு சார்’ என்றார்.

ஊருக்கு உதவும் தகவல் வேறு மாதிரி இருக்கும். திட்டம் போடுகிறவர்கள் முதலில் காற்றைப் பற்றி ஊர் மொழியில் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆலைக்குள் உயரத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு காற்றுப்பை ஆடிக்கொண்டிருக்கும். மதிலுக்கு வெளியே இருப்பவருக்கு அது அலங்காரம். ஆனால் கரையில் இருப்பவருக்கு கொண்டல், வாடை, தென்றல், கோடை என்று திசைக்கு ஒரு சொல் உண்டு. பகலில் கடற்காற்று ஏறினால் வாயு மேற்கே சாலைப் பக்கம் போகும். இரவில் தரைக்காற்று திரும்பினால் அதே வாயு கிழக்கே உப்பனாற்றுப் பக்கம் சாயும். ஆகவே ‘பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்’ என்ற அறிவுரைக்குப் பொருளே கிடையாது. பகல் பன்னிரண்டுக்குப் பாதுகாப்பான இடம் இரவு பன்னிரண்டுக்குப் பொறியாகிவிடும்.

‘வீட்டுக்குள் இருந்து கதவு சன்னலை அடைத்துக்கொள்ளுங்கள்’ என்பதும் வெளிநாட்டுக் கையேடுகளில் நல்ல அறிவுரை. கூரை வீட்டில் எதை அடைப்பது? குளோரின் காற்றை விட இரண்டரை மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து வரும். மாடி வீட்டுக்காரர் மாடிக்குப் போகலாம். கூரை வீட்டுக்காரர் காற்றுக்குக் குறுக்கே நடந்து விலக வேண்டும். ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும். இதை நள்ளிரவில் யோசித்து எழுத முடியாது. அமைதியான ஒரு மாதத்தில், ஊர்க்காரர்களோடு தெருத்தெருவாக நடந்து எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைத்தால் முதல் அறிவிப்பு எப்படி இருக்கும்? ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: ‘மணி இரண்டேகால். நம்ம ஆலையில குளோரின் கசிஞ்சிருக்கு. வால்வை மூடியாச்சு, ஆனா வெளிய வந்தது இன்னும் கலையல. காத்து மேற்கேருந்து அடிக்குது, ஆத்துப் பக்கம் வருது. கீழத் தெருக்காரங்க ஈரத் துணியால மூக்கைப் பொத்திக்கிட்டு வடக்கே பள்ளிக்கூடத்துக்குப் போங்க. ஆத்துப் பக்கம் போகாதீங்க. எவ்வளவு கசிஞ்சதுன்னு இன்னும் தெரியல. ரெண்டே முக்காலுக்கு மறுபடி பேசறோம்.’ இதில் வருத்தம் தெரிவிக்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வக்கீல் கவலைப்பட ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறது, அடுத்து எப்போது பேசும் என்று சொல்லியிருக்கிறது. ரெண்டே முக்காலுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் பேச வேண்டும். பேசாவிட்டால் அந்த இடத்தில் வாட்சாப் பேசும்.

கருவிக்குப் பஞ்சமில்லை. 2023 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்கக் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறி, பேரிடர் எச்சரிக்கையின் சோதனைச் செய்தியைக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் கருவி எதுவானாலும், அன்றாடம் பேசாத கருவி அவசரத்தில் பேசினால் யாருக்கும் புரியாது. இதற்கு எதிரான உதாரணம் கடலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவக் கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் நடத்திவந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்ற கடல் நிலவரம் அங்கிருந்து ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டுவந்தது. கடலுக்குப் போகிறவர் காது கொடுத்துக் கேட்கும் விஷயம். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்துக்கு ஓடி, பூட்டை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர் நேரத்தோடு வெளியேறியது. சற்றுத் தெற்கே கடலூர்க் கரையில் அன்று நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

நல்லவாட்டில் அந்தக் குரலை ஊர் உடனே நம்பியதற்குக் காரணம், முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அலையைப் பற்றி அது சொன்னது சரியாக இருந்ததுதான். ஒரு நிறுவனம் இதைச் செய்ய நினைத்தால் பெரிய செலவில்லை. இன்று பாய்லர் சுத்தம் செய்கிறோம், புகை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நாளை காலை பத்து மணிக்குச் சங்கு சோதனை, யாரும் ஓட வேண்டாம். வெள்ளிக்கிழமை அடித்த வாடை எங்களுடையதுதான், மூடி சரியில்லாமல் இருந்தது, மாற்றிவிட்டோம். இப்படி ஒரு வருடம் பேசினால் போதும். மூன்றாவது வாக்கியத்தில்தான் தலைமை அலுவலகம் தடுக்கும்.

ஆலைகளின் அவசரத் திட்டக் கோப்புகளில் கடைசியில் ஒரு தொலைபேசிப் பட்டியல் இணைத்திருப்பார்கள். தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆட்சியர் அலுவலகம், தொழிற்சாலை ஆய்வாளர் என்று வரிசையாக. ஆடி மாதத்தில் சிப்காட் பக்கத்து ஊர்களுக்குப் போனால் அம்மன் கோயில் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். ஊரில் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அதை இயக்கும் பெட்டி கோயில் மடப்பள்ளியில் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டின் சாவியை வைத்திருப்பவரின் போன் நம்பர் எத்தனை கோப்புகளில் இருக்கிறது என்று, மாவட்ட நெருக்கடிக் குழு அடுத்த முறை மஞ்சக்குப்பத்தில் கூடும்போது யாராவது பட்டியலைப் புரட்டிப் பார்க்கலாம்.